பாயின்ட்டை எண்ணாதீங்க... பிள்ளைக்கு அடிக்கச் சொல்லிக் கொடுங்க!

"ரிஸ்க் எடுக்காதே டீ... சும்மா திருப்பிப் போடு. அவளே மிஸ் பண்ணுவா!"

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், அசோசியேஷன் மீட்டிங் நடக்கிற ஹாலில் ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் அங்கே ஒரே கூச்சல்தான். மேலே நீங்கள் படித்த வசனம் நாலு மாசத்துக்கு முன்னால் அங்கே கேட்டது. சொன்னவர் மூன்றாவது மாடி அம்மா. கேட்டுக்கொண்டு தலையாட்டியது அவருடைய எட்டு வயது மகள்.

அடுத்த ஆட்டம் அவள் அண்ணனுக்கு. வயது பத்து. அதே அம்மாதான். ஆனால் வசனம் வேறு.

"என்னடா தடவிக்கிட்டு இருக்கே? ஓங்கிப் போடுடா!"

அவனும் ஓங்கினான். பந்து மின்விசிறியில் பட்டு, ஜன்னல் வழியாக வெளியே போய், வாட்ச்மேன் தாத்தா எடுத்துக் கொடுத்தார். ஹாலில் எல்லாருமே சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்குழந்தையிடம் அவள் அம்மா சொன்ன வார்த்தை, பல வருஷத்துக்கு முன்னால் நான் என் மகளிடம் சொன்ன வார்த்தை. அட்சரம் பிசகவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. சர்டிபிகேட் வாங்கிய கோச்சும் இல்லை. கல்லூரி நாட்களில் மதுரையில் ஓரளவுக்கு ஆடியவள். அப்போதெல்லாம் 38 மில்லிமீட்டர் பந்து, ஒரு கேமுக்கு 21 பாயின்ட். 2000-ல் பந்து 40 மில்லிமீட்டர் ஆயிற்று. 2001-ல் கேம் 11 பாயின்ட்டாகச் சுருங்கியது. பதினொன்றில் முடிந்துவிடும் என்றதும் ஆடுகிற பிள்ளையைவிடப் பக்கத்தில் நிற்கிற பெற்றோருக்குத்தான் படபடப்பு ஜாஸ்தி ஆகிவிட்டது என்பது என் அபிப்ராயம்!

2006 மார்ச்சில் மெல்போர்ன் காமன்வெல்த் விளையாட்டில் நம்ம சென்னைப் பிள்ளை சரத் கமல் ஆண்கள் தனிநபர் தங்கம் வாங்கினார். அந்த உற்சாகத்தில் என் மகளுக்கும் ஒரு பேட் வாங்கிக் கொடுத்துப் பயிற்சிக்குச் சேர்த்தேன். அப்போது அவளுக்கு எட்டு வயது. சூட்டிகையான பெண். பந்து எங்கே வந்தாலும் பேட்டை லேசாகச் சாய்த்து, பந்தின் அடிவயிற்றைத் தடவி, எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவாள். 'புஷ்' என்பார்கள். எதிரே இருக்கிற குழந்தை பொறுமை இழந்து வலையில் அடிக்கும். பாயின்ட் நம்ம பக்கம். மறு வருஷத்திலிருந்து கப் வர ஆரம்பித்தது. ஷோகேஸில் இடம் பற்றாமல் பொம்மைகளை எடுத்துப் பரணில் போட்டேன்.

பயிற்சி கொடுத்தவர் நல்ல மனுஷர். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, ஒரு ஆறு மாசம் டோர்னமென்ட்டே வேண்டாம். தோத்தாலும் பரவாயில்லைன்னு விடுங்க. ஃபோர்ஹேண்ட் டிரைவ் மட்டும் பழகட்டும். இப்ப விட்டா அப்புறம் கை வராது" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜெயிக்கிற குழந்தையை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு வயதில் எல்லாம் தலைகீழாயிற்று. அவளிடம் இரண்டு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அடிக்கக் கற்றுக்கொண்டு வந்து நின்றார்கள். இவள் மெதுவாகத் தள்ளிய பந்தெல்லாம் அவர்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த லட்டு மாதிரி ஆகிவிட்டது. 11-3, 11-4 என்று தோற்றாள். ஒரு நாள் ஆட்டோவில் திரும்பி வரும்போது மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, எல்லாரும் அடிக்கிறாங்கம்மா. எனக்கு அடிக்கவே தெரியலை. கையைத் தூக்கினாலே பயமா இருக்கு."

அந்த வருஷத்தோடு பேட்டை வைத்துவிட்டாள். கப்கள் இன்னும் இருக்கின்றன. ஆயுத பூஜைக்குத் துடைத்து வைக்கிறேன்.

இதை எதற்கு இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், அவளுக்கு வந்தது உடம்புக் குறை இல்லை, திறமைக் குறையும் இல்லை. பயம். அந்தப் பயத்தை மேஜை ஓரத்தில் நின்று ஊட்டி வளர்த்தது நான்.

எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளின் ஆட்டத்தில் ஜெயிப்பது யார் என்று கவனித்திருக்கிறீர்களா? நன்றாக ஆடுகிற குழந்தை இல்லை. தப்புப் பண்ணாத குழந்தை. அந்த வயதில் எதிராளியும் குழந்தைதான். நாலு தடவை திருப்பிப் போட்டால் ஐந்தாவது தடவை அதுவே வெளியே அடித்துவிடும். இதைப் பார்த்துவிட்டுத்தான் நாம் 'நம்ம பிள்ளைக்கு நிதானம் ஜாஸ்தி' என்று பூரித்துப் போகிறோம். எதிராளி வளர்ந்து, தப்புப் பண்ணுவதை நிறுத்தியதும் அந்த நிதானம் கைகொடுப்பதில்லை. ஐந்து வருஷம் தள்ளியே பழகிய கைக்குப் பதிமூன்றாவது வயதில் திடீரென்று அடிக்கச் சொல்லிக் கொடுப்பது... முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் ரொம்பக் கஷ்டம். அதற்குள் தோற்பதற்கு வெட்கம் வேறு வந்துவிடுகிறது.

அதனால் என் கட்சி இதுதான். அடிக்கிற ஆட்டத்தை முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். தோற்றாலும் சரி. அனுபவமுள்ள பல கோச்சுகள் குழந்தைக்கு முதலில் கற்றுத் தருவதே ஃபோர்ஹேண்ட் டிரைவ்தான். புஷ் அதற்கு அப்புறம் வரும். வீட்டிலும் குடியிருப்பு ஹாலிலும்தான் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

அப்படியானால் மூன்றாவது மாடிப் பையனை 'ஓங்கிப் போடுடா' என்றது சரிதானே என்று கேட்பீர்கள். இல்லை. அவனுக்கு நடந்ததையும் சொல்கிறேன். போன வருஷம் அவனுக்கு வலது தோளில் வலி. அம்மா தைலம் தேய்த்து விளையாட அனுப்பினார். இரண்டு வாரம் தேய்த்தும் போகவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுக்கவே முடியவில்லை என்ற பிறகுதான் எலும்பு டாக்டரிடம் போனார்கள். நல்லவேளை, பெரிசாக ஒன்றும் இல்லை. மூன்று வாரம் பேட்டைத் தொடக்கூடாது என்று சொல்லி, தோளுக்குச் சில பயிற்சிகள் கொடுத்து அனுப்பினார் டாக்டர்.

தங்கைக்கு அடிக்கவே சொல்லித் தரவில்லை. அண்ணனுக்கும் சொல்லித் தரவில்லை. 'அடி' என்று கத்தினார்கள், அவ்வளவுதான். கத்துவது வேறு, கற்றுக் கொடுப்பது வேறு இல்லையா?

அந்தப் பிள்ளைகளின் தாத்தா, பாங்க்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், நான் தங்கைக்கு ஃபோர்ஹேண்ட் சொல்லித் தர ஆரம்பித்ததும் நேராக வந்து கேட்டார். "இவனுக்கே தோள் போச்சு. பொம்பளைக் குழந்தை. எலும்பு இன்னும் முத்தலை. வேண்டாமேம்மா..."

அவர் கவலை நியாயமானது. வளர்கிற வயதில் எலும்புகளின் முனையில் இருக்கிற வளர்ச்சிப் பகுதி மென்மையானது. ஒரே அசைவைத் தப்பாக ஆயிரம் தடவை செய்தால் அது பாதிக்கப்படும். ஆனால் 'தப்பாக' என்கிற வார்த்தையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சரியான ஃபோர்ஹேண்டில் தோளுக்கு வேலை கம்மி. பலம் கிளம்புவது காலிலிருந்து.

வலது கைக் குழந்தைக்குச் சொல்கிறேன். இடது கை என்றால் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். கால்களைத் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் அகட்டி, இடது கால் ஒரு பாதம் முன்னே, முழங்கால் லேசாக மடிந்து, குதிகாலில் கனம் இல்லாமல் நிற்க வேண்டும். பந்து வரும்போது இடுப்பு வலப்பக்கம் திரும்புகிறது. உடம்பின் கனம் வலது காலுக்குப் போகிறது. பந்து எழும்பி உச்சிக்கு வரும்போது இடுப்பு இடப்பக்கம் திரும்புகிறது, கனம் இடது காலுக்கு மாறுகிறது, கை அதோடு கூடவே முன்னே வருகிறது. தயிர் கடைகிற மத்து இருக்கிறதே, அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிற மாதிரிதான். முழங்கை விலாவோடு ஒட்டாமலும் ரொம்பத் தள்ளாமலும், நடுவில் ஒரு சின்னப் பந்து வைக்கிற இடைவெளி. பேட் இடுப்புப் பக்கத்தில் ஆரம்பித்து நெற்றிக்கு முன்னால் சல்யூட் அடிக்கிற மாதிரி வந்து நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் ஓங்குவது கூடவே கூடாது. பந்தைத் தொடுவதும் உடம்புக்கு முன்னால்தான்.

பேட்டைப் பிடிப்பது? கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாம் சேர்ந்து விறைத்துக்கொள்ளும். எங்கள் ஹாலில் முக்கால்வாசிக் குழந்தைகள் பேட்டை இட்லித்தட்டு இடுக்கி மாதிரிதான் பிடிக்கிறார்கள்!

ஒரு எளிய பரீட்சை சொல்கிறேன். அடித்து முடித்த நிமிஷத்தில் குழந்தையைப் பாருங்கள். உடனே அடுத்த பந்துக்குத் தயாராக நின்றால் சரி. ஒற்றைக் காலில் தள்ளாடினாலோ, முதுகு வில்லாக வளைந்தாலோ, பலம் அளவுக்கு மீறிப் போகிறது என்று அர்த்தம். "பாதி வேகத்தில் அடி" என்று சொல்லுங்கள். பந்து மேஜையில் விழுந்தால் போதும். வேகம் வளர்ந்தபின் தானாக வரும்.

டிரைவ் கொஞ்சம் நிலைத்த பிறகு 'டாப் ஸ்பின்'. இதன் பெயரைக் கேட்டதும் பெரியவர்கள் ஆட்டம் என்று பயப்பட வேண்டாம். பந்தை முகத்தில் அறைவதற்குப் பதிலாக, கீழிருந்து மேலாக அதன் முதுகைத் துடைத்துவிடுவது. ஜன்னல் கண்ணாடியைத் துணியால் துடைப்போமே, அப்படி. பந்து முன்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகும். அப்படிச் சுழல்கிற பந்தைக் காற்று கீழ்நோக்கித் தள்ளும். அதனால் 15.25 சென்டிமீட்டர் வலைக்கு மேலே தாராளமாக உயர்ந்து போனாலும், மேஜைக்குள்ளேயே வளைந்து இறங்கிவிடும். நன்றாக யோசித்துப் பாருங்கள். வலையிலும் மாட்டாது, வெளியேயும் போகாது. 'ரிஸ்க் எடுக்காதே' என்று பதறுகிற அம்மாக்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான அடி ஏது?

இப்போது ஒரு முக்கியமான விஷயம். தோள் வலிக்குப் பெரிய காரணம் என்று நான் நினைப்பது மேஜையின் உயரம். 76 சென்டிமீட்டர். ஆறு வயதுக் குழந்தைக்கும் அதே 76, ஆறடி ஆளுக்கும் அதே 76. சுமார் 115 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தைக்கு அந்த மேஜை முழங்கைக்கும் மேலே வந்து நிற்கும். அது என்ன செய்யும்? தோளைத் தூக்கி, முழங்கையை இறக்கை மாதிரி விரித்துக்கொண்டுதான் அடிக்கும். நம்ம சமையல் மேடை நெஞ்சு உயரத்தில் இருந்து, அதில் நாற்பது சப்பாத்தி தேய்க்கச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? தோள் கழன்றுவிடாதா?

மேஜையை இறக்க முடியாது. குழந்தையை ஏற்றலாம். நாலு அங்குல உயரத்தில், இரண்டு பக்கமும் காலை அகட்டி நிற்கிற அளவு அகலமான, ஆடாத மரப்பலகை போதும். குறுகலான ஸ்டூல், மணை எல்லாம் வேண்டாம். கால் இடறினால் வேறு வம்பு. குழந்தை வளர வளரப் பலகையை எடுத்துவிடலாம்.

பேட் விஷயத்திலும் இதே கதைதான். பெரியவர்கள் ஆடுகிற பேட் பெரும்பாலும் 170 கிராமுக்கு மேல் இருக்கும். 'வளர்ந்தாலும் உபயோகப்படும்' என்று யூனிஃபார்ம் தைக்கிற மாதிரி பெரிசாக, கனமாக, கார்பன் போட்ட அதிவேக பேட்டாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பந்து தன் இஷ்டத்துக்குப் பறக்கும். அதை அடக்குவதற்காகவே குழந்தை கையைச் சுருக்கிக்கொள்ளும். கனம் குறைந்த, வேகம் குறைந்த பேட்தான் முதல் இரண்டு வருஷத்துக்குச் சரி.

பயிற்சிக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. முதலில் பந்தே இல்லாமல் பீரோ கண்ணாடி முன்னால் இருபது தடவை. அப்புறம் குழந்தையே இடது கையால் பந்தை மேஜையில் போட்டு, எழும்பியதும் அடிப்பது. அதற்கு அப்புறம் வாளி. ஒரு பிளாஸ்டிக் வாளியில் முப்பது நாற்பது பந்தை வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் ஒரே இடத்துக்கு, ஒரே வேகத்தில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எதிர்ப்பக்கத்தில் பழைய பேப்பர் ஒன்றை விரித்து, 'இதில் விழட்டும்' என்று சொல்லிவிட்டால் குழந்தைக்குக் குஷி. வாளி காலியானதும் பந்து பொறுக்குவதும் குழந்தைதான். அது தண்டனை இல்லை. நாற்பது தடவை குந்தி எழுந்திருக்கிற தேகப்பயிற்சி! சில வீட்டில் ஆயாவை விட்டுப் பொறுக்கச் சொல்கிறார்கள். பந்தைப் பொறுக்குகிற ஆயாவுக்குத்தான் உடம்பு நன்றாக இருக்கும்.

உடம்பைப் பற்றி இன்னும் சிலது. ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது மூச்சு வாங்குகிற அளவு ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மேஜை, பன்னிரண்டு குழந்தைகள், ஒரு மணி நேரம் என்றால் உங்கள் பிள்ளை ஆடுவது பத்து நிமிஷம், நிற்பது ஐம்பது நிமிஷம். அது கணக்கில் சேராது. 'டேபிள் டென்னிஸ் ஆடினா கண்ணாடி போட வேண்டாமாமே' என்று கேட்கிறவர்களும் உண்டு. கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட உதவுவதாக நல்ல ஆதாரம் இருப்பது வெளியில், பகல் வெளிச்சத்தில் இருப்பதற்குத்தான். இது ஹாலுக்குள் ஆடுகிற ஆட்டம். அதனால் நான் ஒரு வழி செய்திருக்கிறேன். ஹாலுக்குள் வருவதற்கு முன்னால் வெயில் தாழ்ந்ததும் அரை மணி நேரம் கீழே ஓடிப் பிடித்து, ஸ்கிப்பிங் குதித்துவிட்டு வர வேண்டும். உடம்பு சூடாவதும் அதிலேயே நடந்துவிடும். ஷூ இல்லாமல், ஹவாய் செருப்போடு வருகிறவர்களுக்கு மேஜை கிடையாது.

முறையான பயிற்சி வாரத்துக்கு எத்தனை மணி என்றால், விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிற ஒரு சுலபக் கணக்கு உண்டு. குழந்தையின் வயதைத் தாண்டக் கூடாது. எட்டு வயதென்றால் வாரத்துக்கு எட்டு மணிக்குள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. ஒரே விளையாட்டை வருஷம் பூரா பிடித்துத் தொங்காமல் நீச்சல், சைக்கிள் என்று ஏதாவது கலந்து இருக்கட்டும். தோள், முழங்கை, கீழ் முதுகு இந்த இடங்களில் வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ தைலத்தை மூடி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். வலியோடு ஆடுவது வீரம் என்று பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டாம்.

அடிக்கச் சொல்லிக் கொடுங்கள் என்றால் எல்லாப் பந்தையும் அடிக்கச் சொல்வது என்று அர்த்தமில்லை. வலைக்குப் பக்கத்தில் தாழ்வாக, சுருக்கமாக விழுகிற பந்தை அடிக்கப் போனால் வலைக்குத்தான் போகும். அதைத் தள்ளத்தான் வேண்டும். கொஞ்சம் உயரமாக, நீளமாக வருவதை அடிக்க வேண்டும். எது எப்படி வருகிறது என்று பார்த்து முடிவெடுக்கிற அந்தக் கண நேரம் இருக்கிறதே, அதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. 'சும்மா திருப்பிப் போடு' என்றாலும் சரி, 'ஓங்கிப் போடு' என்றாலும் சரி, அந்த முடிவை நாம் பிடுங்கிக்கொள்கிறோம்.

தடுத்து ஆடுகிறவர்கள் உலக அளவில் பேர் வாங்கவில்லையா என்று ஒரு அப்பா என்னிடம் வாதம் பண்ணினார். வாங்கியிருக்கிறார்கள். 2003-ல் பாரிஸில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இறுதி ஆட்டம் வரை போன கொரியாவின் ஜூ சே ஹியூக் தடுத்து ஆடுவதில் மன்னன். ஆனால் அவர் ஆட்டத்தைப் பார்த்தால் தெரியும், வாய்ப்புக் கிடைத்த அடுத்த நொடி ஃபோர்ஹேண்டில் வெளுத்து வாங்குவார். நம்ம மணிகா பத்ரா பேட்டின் ஒரு பக்கத்தில் நீளமான பிம்பிள் ரப்பர் போட்டு எதிராளியைத் திணறடிப்பவர். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் தனிநபர் தங்கம் வாங்கினார். அவரும் மறுபக்கத்தால் அடிப்பவர்தான். பிம்பிள் ரப்பரும் தடுப்பும் குற்றமில்லை. அடிக்கத் தெரியாததை மறைக்க எட்டு வயதுக் குழந்தைக்கு அதை மாட்டிவிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பெண்குழந்தைகளைப் பெற்றவர்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். பையன் அடித்து வெளியே போனால் 'சிங்கக்குட்டி, அடுத்தது விழும்டா' என்கிறோம். பெண் அடித்து வெளியே போனால் 'எதுக்குடீ இந்த வேலை, பார்த்து ஆடு' என்கிறோம். நான் சொன்னேன். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நம் வீட்டில் மேஜைக்கு வெளியேயும் இதே இரண்டு வசனம்தானே ஓடுகிறது? அது வேறு கட்டுரை. விட்டுவிடுகிறேன்.

2022-ல் பர்மிங்ஹாமில் சரத் கமல் மறுபடியும் காமன்வெல்த் தனிநபர் தங்கம் வாங்கினார். முதல் தங்கத்துக்குப் பதினாறு வருஷம் கழித்து, 40 வயதில். அவரைச் சின்ன வயதிலிருந்து பழக்கியவர்கள் அப்பா சீனிவாச ராவும், அப்பாவின் சகோதரர் முரளிதர ராவும். 2025-ல் அவர் ஓய்வு பெற்றுவிட்டாலும் ஆட்டங்கள் வீடியோவில் நிறையக் கிடைக்கின்றன. பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள். கையைப் பார்க்கச் சொல்லாதீர்கள், முழங்காலையும் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, மூன்றாவது மாடிப் பெண் என்ன ஆனாள்?

மூன்று மாசமாகச் சொல்லிக் கொடுத்தேன். பயிற்சி ஆட்டத்தில் ஒரு விதி வைத்தேன். அடித்து வெளியே போனால் பாயின்ட் எதிராளிக்குக் கிடையாது, அந்தப் பந்தைத் திரும்ப ஆட வேண்டும். முதல் வாரம் அடிக்கவே மாட்டேன் என்றாள். என் முகத்தைப் பார்ப்பாள், அம்மா முகத்தைப் பார்ப்பாள், தள்ளிவிடுவாள். இரண்டாவது வாரம் ஒன்று அடித்தாள். அது பறந்துபோய் நோட்டீஸ் போர்டில் பட்டது. "ஐயையோ ஆன்ட்டி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னொண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தைப் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புப் போட்டி. போன தடவை தள்ளியே அரையிறுதி வரை போனவள், இந்தத் தடவை முதல் சுற்றிலேயே தோற்றுப்போனாள். 11-7, 11-9.

லிஃப்ட்டில் அவள் அம்மா என்னிடம் பேசவில்லை. பிறகு தாங்க முடியாமல், "என்ன ஆன்ட்டி இது... போன தடவை செமி ஃபைனல் வந்தா. கப் வேண்டாம், இப்படி முதல் ரவுண்டிலயா?" என்றார்.

"எத்தனை பந்து அடிச்சா தெரியுமாம்மா?" என்றேன்.

"நான் ஸ்கோர்தான் பார்த்தேன்."

"பத்தொன்பது. அதில எட்டு மேஜையில விழுந்துது. போன தடவை எத்தனை அடிச்சா? ஒண்ணுகூட இல்லை."

மூன்றாவது மாடி வந்தது. ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். கோபம் தீரவில்லை என்றுதான் நினைக்கிறேன். நியாயம்தான், நானே அப்படித்தானே இருந்தேன்?

திங்கட்கிழமை ஐந்தரைக்கு அந்தப் பெண் வழக்கம்போல வந்தாள். அண்ணனும் கூடவே வந்தான், இப்போது பாதி வேகத்தில்தான் அடிக்கிறான். பின்னாலேயே தாத்தா. ஆசாரியிடம் சொல்லிச் செய்த பலகையை வாட்ச்மேன் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். ஒரு மூலை லேசாக ஆடுகிறது. அட்டையை மடித்து அடியில் செருகியிருக்கிறோம். இந்த வாரம் ஆசாரி வந்து இழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.